சிங்கப்பூரில் 14 ஆண்டு, காரைக்குடியில் 6 ஆண்டு: ஸ்டியரிங் பிடித்த அனுபவம்

காரைக்குடிக்குத் திரும்பி வந்த மூன்றாவது வாரம் அது. தேவகோட்டை ரஸ்தாவுக்கு அருகில் ஒரு சந்திப்பில், பக்கச் சாலையிலிருந்து பெரிய சாலைக்கு ஏறுவதற்காக நின்றிருந்தேன். வலப்புறமிருந்து ஒரு வேன் வந்தது. அதன் இடது இண்டிகேட்டர் மினுக்கிக்கொண்டிருந்தது. நான் நிற்கும் சாலைக்குள்தான் திரும்பப் போகிறது என்று நினைத்து வண்டியை எடுத்தேன். வேன் திரும்பவில்லை, நேராக வந்தது. டயர் தேய்ந்த வாடை மூக்கில் ஏறும் அளவுக்கு அருகில் வந்து நின்றது. இறங்கி வந்த ஓட்டுநர் கோபப்படவில்லை. உண்மையாகவே குழம்பிப்போயிருந்தார். "நேராகப் போகிறேன் என்று நாலு விளக்கையும் போட்டுக்கொண்டுதானே வந்தேன், பார்க்கவில்லையா ஆச்சி?" என்றார். வேனின் முன்பக்கத்தைப் பார்த்தேன். வலப்பக்க பல்பு எரியவில்லை. நாலில் என் கண்ணுக்குத் தெரிந்தது இடப்பக்கத்து ஒன்றுதான்.

சந்திப்பில் நேராகப் போகிறவர் நாலு விளக்கையும் போட வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. வண்டி பழுதாகி நடுவழியில் நின்றால் பின்னால் வருகிறவரை எச்சரிக்க வைத்திருக்கும் விளக்கு அது. சிங்கப்பூரில் அதற்கு அந்த ஒரே பொருள்தான். இங்கே அதற்கு இன்னொரு பொருள் எப்படியோ முளைத்து, ஊர் முழுக்க வழக்கமாகிவிட்டது. ஒரு பல்பு போனாலோ, ஒரு பக்கத்தை வேறு வண்டி மறைத்தாலோ, 'நேராக' என்பது 'திரும்புகிறேன்' என்று ஆகிவிடுகிறது. என் ஆறு ஆண்டு அனுபவத்தில் இங்குள்ள வழக்கங்களிலேயே மிக ஆபத்தானது இதுதான் என்று சொல்வேன். நேராகப் போகிறவர் எந்த விளக்கையும் போட வேண்டாம். அதுவே போதுமான செய்தி.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பள்ளத்தூர்க்காரி. சொந்த ஊரில் இரு சக்கர வண்டியில் எட்டுப் போட்டு உரிமம் வாங்கியவள், பிறகு காருக்கும் வாங்கினேன். 2005இல் சிங்கப்பூர் போனேன். வீட்டுக்காரர் அங்கே விருந்துச் சமையல் தொழில் நடத்தினார். பாத்திரங்களும் சாப்பாடும் ஏற்றிய வேனை நானே ஓட்டினேன். இந்திய உரிமத்தை அந்த ஊர் உரிமமாக மாற்றிக்கொள்ள அடிப்படைச் சாலை விதித் தேர்வு எழுத வேண்டும். 50 கேள்வி, 45 சரியாக இருந்தால்தான் தேர்ச்சி. அந்தப் படிப்புதான் எனக்குச் சாலையை முதன்முறையாக எழுத்தாகப் படிக்கச் சொல்லிக்கொடுத்தது. அதற்கு முன்பு நான் ஓட்டியது பழக்கத்தில். 2019இல் திரும்பி வந்து, ஒரு சிறிய காரில் காரைக்குடி, தேவகோட்டை, பிள்ளையார்பட்டி, கானாடுகாத்தான், திருச்சி விமான நிலையம் என்று வாரத்தில் ஐந்து நாளாவது ஓட்டுகிறேன். விமான நிலையம் போகும் வேலை அடிக்கடி வரும். சிங்கப்பூரிலிருந்து கல்யாணத்துக்கும் அறுபதாம் ஆண்டுச் சாந்திக்கும் வருகிற உறவினர்களில் பலர், "நானே ஓட்டிக்கொள்கிறேனே, அங்கே ஓட்டுகிறவன்தானே" என்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டு நாட்டிலும் இடப்பக்கம்தான். ஸ்டியரிங் வலப்பக்கம்தான். அந்த வகையில் நமக்குச் சிரமம் இல்லை. எங்கள் ஐயா காலத்தில் வியாபாரத்துக்கென்று கொண்டு விற்கப் போன பர்மாவிலும் அப்போது இடப்பக்கம்தான், 1970இல்தான் அங்கே வலப்பக்கத்துக்கு மாற்றினார்கள். சட்டப் புத்தகத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நம் நாட்டுச் சட்டம் எந்த வகையிலும் தளர்வானது அல்ல என்பது எனக்கே வியப்பாக இருந்தது. குடித்துவிட்டு ஓட்டுவதில் சிங்கப்பூரின் வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 80 மில்லிகிராம். நம் வரம்பு 30. பின் இருக்கையில் இருப்பவரும் சீட் பெல்ட் போட வேண்டும் என்பது இரண்டு நாட்டிலும் உண்டு. வேகத்தில் மட்டும் அவர்கள் கெடுபிடி. பலகை எதுவும் இல்லாத சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டர், விரைவுச்சாலையிலேயே 90தான் உச்சம். நம் நான்குவழிச் சாலையில் காருக்கு 100 வரை அனுமதி.

ஆக, வித்தியாசம் சட்டத்தில் இல்லை. சாலை யார் மூலமாகப் பேசுகிறது என்பதில் இருக்கிறது. அங்கே தரையில் அடித்த வர்ணமும் விளக்குமே பேசும். பாதசாரிக் கடவைக்கு முன்னால் வெள்ளைக் கோடு நெளிந்து நெளிந்து வந்தால் வேகத்தைக் குறை, அங்கே நிறுத்தாதே என்று பொருள். பச்சை எரிந்தால் போகலாம் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். ஏனென்றால் சிவப்பைத் தாண்டினால் 12 தண்டப் புள்ளி. 24 மாதத்துக்குள் 24 புள்ளி சேர்ந்தால் உரிமம் நிறுத்தி வைக்கப்படும். இரண்டே முறை தப்பு செய்தால் வேலை போகும் என்பது சாப்பாட்டு வேன் ஓட்டிய எனக்கு எப்போதும் நெஞ்சில் இருந்தது.

இங்கே ஆள் பேசுகிறார். கையால், ஹாரனால், விளக்கால் பேசுகிறார். திருமயம் சாலையில் முன்னால் போகும் லாரி இடது இண்டிகேட்டர் போட்டால், "எதிரே வண்டி இல்லை, முந்திக்கொள்" என்கிறார். வலது போட்டால் "வராதே". ஆனால் அதே வலது, உண்மையாகவே வலப்பக்கம் ஊருக்குள் திரும்புவதற்காகவும் இருக்கும். சிலர் "போ" என்பதற்கும் வலதையே போடுகிறார்கள். முதல் ஒரு வருடம் லாரிக்காரர் சொல்வதை நம்பி முந்தவே மாட்டேன். இப்போதும் நம்புவதில்லை. சீமைக்கருவேலம் இரண்டு பக்கமும் சாலை வரை கவிழ்ந்து நிற்கும் வளைவுகளில், அவருக்குத் தெரிவது எனக்குத் தெரியாது. என் கண்ணுக்குச் சாலை காலியாகத் தெரிந்தால்தான் வலப்பக்கம் எடுப்பேன். பின்னால் நிற்கும் பஸ் எத்தனை ஹாரன் அடித்தாலும் சரி.

ஹாரனைப் பற்றி என் எண்ணம் மாறியிருக்கிறது. அங்கே ஹாரன் அடித்தால் திட்டியதாகப் பொருள். 14 ஆண்டில் நான் அடித்ததை விரல் விட்டு எண்ணிவிடலாம். இங்கே அது "நான் வருகிறேன், பார்த்துக்கொள்" என்னும் அறிவிப்பு. எங்கள் ஊர்த் தெருக்கள் நேர் நேராக வெட்டிக்கொள்பவை. முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலுமாக நீளும் வீடுகள், மூலை வரை உயர்ந்த மதில். மூலைக்கு அந்தப் பக்கம் என்ன வருகிறது என்று தெரிய வழியே இல்லை. அந்த மூலைகளில் ஒரு சின்ன ஹாரன் அடிப்பது மரியாதை. அடிக்காமல் போனதற்காக ஒரு சைக்கிள்காரப் பெரியவர் என்னை நிறுத்திக் கேட்டிருக்கிறார், அவர் கேட்டது நியாயம். ஆனால் மருத்துவமனை வாசலிலும், சிவப்பு எரியும் சிக்னலிலும் அடிப்பதை இன்று வரை என்னால் ஏற்க முடியவில்லை.

பஸ் விஷயத்தில் இரண்டு ஊரும் ஒரே இடத்துக்கு வேறு வேறு வழியாக வந்து சேர்ந்திருக்கின்றன. சிங்கப்பூரில் நிறுத்தத்திலிருந்து கிளம்பும் பஸ்ஸுக்கு வழிவிட வேண்டும் என்று 2008 முதல் பல நிறுத்தங்களில் தரையிலேயே மஞ்சள் கட்டம் போட்டு எழுதிவிட்டார்கள். காரைக்குடியில் எதுவும் எழுதவில்லை. டவுன் பஸ் விசில் கேட்டதும் மூக்கை வெளியே நீட்டிவிடும், நாம்தான் நிற்க வேண்டும். விசில் சத்தத்தையே சிக்னலாக எடுத்துக்கொள்ளப் பழகிவிட்டேன்.

பாதசாரிகள் விஷயம் அப்படிச் சமாதானமாகவில்லை. வந்த புதிதில், பள்ளி விடும் நேரத்தில் வரிக்கோட்டின் முன் ஒரு பாட்டி நின்றதைப் பார்த்து, அங்கே பழகியபடி பட்டென்று நிறுத்தினேன். பின்னால் வந்த ஷேர் ஆட்டோ என் பம்பருக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. பாட்டி கடக்கவில்லை. கார் ஏன் நின்றது என்று அவருக்குப் புரியவில்லை. நிற்பதை நான் விட்டுவிடவில்லை, நிற்கும் விதத்தை மாற்றினேன். தூரத்திலேயே மெல்லக் குறைப்பேன். வலக்கையை வெளியே நீட்டி, உள்ளங்கை கீழே பார்க்க மேலும் கீழுமாக அசைப்பேன். வேகம் குறைக்கிறேன் என்பதற்கு நம் சட்டத்திலேயே உள்ள கை சைகைதான் அது, அநேகமாக எல்லோரும் மறந்துவிட்டது. பின்னால் வருபவர் உடனே புரிந்துகொள்கிறார். இந்த ஆறு ஆண்டில் எனக்கு மிகவும் பயன்பட்ட ஒன்று இந்தக் கை சைகை.

அறுவடைக் காலத்தில் கல்லல் பக்கம் போனால் சாலையில் பாதியை உளுந்துச் செடி அடைத்திருக்கும். காய்ந்த செடியைப் பரப்பி, ஓரத்தில் கல் அடுக்கி வைத்திருப்பார்கள். வண்டிச் சக்கரம் ஏறி ஏறி மணி உதிரும். முதலில் எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒரு நாள் இறங்கிப் பேசினேன். கையில் முறத்தோடு நின்ற அம்மா, "எங்களுக்குக் களம் எங்கே இருக்கிறது தாயி?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் அது ஆபத்துதான். இரு சக்கர வண்டி அதில் வழுக்கிவிடும். காய்ந்த செடி அச்சில் சுற்றிப் புகைக்குழாய்ச் சூட்டில் தீப்பற்றவும் கூடும். அதன் மேல் ஏற்றாமல் சுற்றிப் போக இடம் கிடைக்கும்வரை காத்திருப்பேன். வேறு வழியே இல்லாமல் ஏற்றினால், தாண்டியதும் ஓரம் கட்டி, குனிந்து காருக்கு அடியில் பார்ப்பேன். ஊருக்கு ஒரு சிமெண்ட் களம் கட்டிக்கொடுத்தால் தீர்ந்துபோகும் விஷயம் இது. அபராதம் போட்டுத் தீர்வது அல்ல.

வண்டி நின்றுபோனால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே விரைவுச்சாலையில் ஒருமுறை நின்றது. கேமராவில் பார்த்து இழுவை வண்டி தானாக வந்தது, பக்கத்துக் கார் நிறுத்தத்தில் காசு வாங்காமல் விட்டுப் போனார்கள். அருமையான ஏற்பாடு. இங்கே ஆத்தங்குடிச் சாலையில் டயர் பஞ்சரானபோது வழியில் போன இரண்டு பேரும் டைல்ஸ் ஏற்றிய குட்டியானைக்காரரும் நான் கேட்காமலே இறங்கி வந்தார்கள். பத்து நிமிடத்தில் டயர் மாறியது. பெயர் கூடச் சொல்லாமல் போய்விட்டார்கள்.

நான் விட்டுக்கொடுக்காத ஒன்று பின் இருக்கை சீட் பெல்ட். எங்கள் அப்பச்சிக்கு, அதாவது அப்பாவுக்கு, வயது 78. "முன்னால் இருக்கிறவர்களுக்குத்தானே அது" என்று இரண்டு மாதம் வாதாடினார். நான் வாதாடவில்லை, சாவியைப் போடாமல் உட்கார்ந்திருப்பேன். கோயிலுக்கு நேரமாகிறது என்று ஆத்தா சத்தம் போடுவார். கடைசியில் அப்பச்சியே போட்டுக்கொள்ளத் தொடங்கினார். பெல்ட் போடாததற்கு நம் சட்டத்தில் 1,000 ரூபாய் அபராதம் இருக்கிறது. ஆனால் அப்பச்சியின் விலை அது அல்ல. குழந்தைகளுக்கும் அப்படித்தான். சிங்கப்பூரில் 1.35 மீட்டர் உயரத்துக்குக் கீழுள்ள பிள்ளைக்கு அதற்கேற்ற இருக்கையோ பொருத்தமான பெல்ட்டோ கட்டாயம். இங்கே நாலு வயதுக்குட்பட்ட பிள்ளையை இரு சக்கர வண்டியில் ஏற்றினால் பாதுகாப்புக் கச்சையும் தலைக்கவசமும் வேண்டும், 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக்கூடாது என்று 2023 முதல் விதி இருக்கிறது. எங்கள் தெருவில் அந்த விதி இருப்பதைச் சொன்னபோது யாரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. பெட்ரோல் டேங்க் மேல் பிள்ளையை உட்காரவைத்துக்கொண்டு பள்ளிக்குப் போகிற தகப்பன்களைப் பார்க்கும்போதெல்லாம் என் வயிறு கலங்குகிறது.

வருகிற உறவினர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்று. இறங்கிய அன்றே திருச்சியிலிருந்து ஓட்டாதீர்கள். இரவு விமானத் தூக்கம் கண்ணில் இருக்கும்போது எதிர் வண்டிகள் டிம் அடிக்காமல் வரும் சாலை அது. இரண்டு நாள் முன் இருக்கையில் உட்கார்ந்து யார் எதற்கு என்ன சைகை செய்கிறார் என்று பாருங்கள். பிறகு காலை ஆறு மணிக்கு கானாடுகாத்தான் வரை ஓட்டிப் பாருங்கள்.

தை மாதம் வந்தால் இன்னொரு கணக்கு. சிராவயல் மஞ்சுவிரட்டு நாளில் அந்தப் பக்கமே போகமாட்டேன். காளைகளுக்கும் கூட்டத்துக்கும்தான் அன்று சாலை. அதன்பின் குன்றக்குடியிலிருந்து பழநிக்குக் காவடிகளோடு நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) பாதயாத்திரை கிளம்பிவிடும். சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாக, வெயிலுக்கு முன் நடந்துவிடலாம் என்று விடியலுக்கு வெகு முன்பே இருட்டில் நடப்பார்கள். பையில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டியவர் சிலர், ஒட்டாதவர் பலர். போன ஆண்டு என் தம்பி அதில் நடந்தான். காரின் விளக்கு வெளிச்சத்தில் இருபது அடி தூரத்தில்தான் அவனுடைய முதுகே எனக்குத் தெரிந்தது. இந்த ஆண்டு அவனுக்கும் அவன் கூட்டத்துக்கும் ஐம்பது ஸ்டிக்கர் வாங்கி வைத்திருக்கிறேன். யாத்திரை பழநி போய்ச் சேரும்வரை அந்தச் சாலையில் பொழுது சாய்ந்தபின் கார் எடுப்பதில்லை.