குவில்லிங் பூவுக்குப் பிளவு டூலா, ஊசியா?

அக்காவின் புதுமனைப் புகுவிழாவுக்காக, மெல்லிய காகிதப் பட்டைகளைச் சுருட்டி உருவம் செய்யும் குவில்லிங் கலையில், நந்தியாவட்டைப் பூக்கள் வைத்து ஒரு ஃபிரேம் செய்தேன். கருநீல அட்டை, வெள்ளைப் பட்டை, 12 பூ, பூவுக்கு 5 இதழ். அத்தனை சுருளையும் கிட்டோடு வந்த பிளவு டூலில்தான், அதாவது காகித நுனியை மாட்ட முனையில் பிளவு உள்ள கம்பியில்தான் சுற்றினேன். தள்ளி நின்று பார்த்தால் அழகாகவே இருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் கிட்டே வைத்தபோதுதான் ஒவ்வொரு இதழுக்குள்ளும் குட்டியாக ஒரு மடிப்பு தெரிந்தது. 60 இதழிலும் 60 மடிப்பு, ஒவ்வொன்றும் ஒரு திசையில். அதன் பிறகு ஊசிக்கு மாறினேன்.

விலையைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை, இரண்டுமே மலிவுதான். வாங்கக்கூட வேண்டாம். தடிமனான தையல் ஊசியைப் பென்சில் பின்னால் இருக்கும் ரப்பரில் செருகினால் ஊசி டூல் தயார். காதுப் பக்கம் வெளியே இருக்கும்படி செருகி, காதின் நுனியை மட்டும் கட்டிங் பிளேயரால் வெட்டிவிட்டால் அதுவே பிளவு டூல். பழகுவதற்கு எளிது பிளவுதான், அதில் சந்தேகமில்லை. குழந்தைகளுக்குச் சொல்லித் தருவதானால் அதையே கொடுங்கள்.

ஆனால் பூ என்று வந்தால் அந்த மடிப்புதான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. பிளவுக்குள் மாட்டிய காகித நுனி, சுற்ற ஆரம்பித்ததுமே வளைந்துவிடும். டூலை உருவினாலும் அந்த வளைவு போகாது. இறுக்கமான சுருளில் இது கண்ணில் படாது. இதழுக்கோ சுருளைத் தளர விடுகிறோம், நடுப்பகுதி விரிந்து வளைவு வெளியே வந்துவிடும். துளி வடிவத்துக்காக நடுவை ஒரு பக்கம் ஒதுக்கி எதிர்ப்பக்கத்தைக் கிள்ளும்போது, அது இதழின் அகன்ற பாகத்தில், பார்வை முதலில் விழும் இடத்தில் போய் நிற்கும். வெள்ளை, சந்தனம், இளமஞ்சள் போன்ற நிறங்களில் அதன் நிழலும் சேர்ந்துகொள்ளும்.

ஊசியில் சுற்றினால் நடுவில் குண்டூசித் தலை அளவுக்கு வட்டமான துளை மட்டும் இருக்கும். பட்டையின் முதல் ஒரு சென்டிமீட்டரை நகத்தால் மெதுவாக நீவி இளக்கிக்கொள்ள வேண்டும். விரல் நுனியில் லேசாக ஈரம் இருந்தால் போதும். கூடினால் காகிதம் பிய்ந்துவிடும், அடர் சிவப்பு போன்ற நிறங்கள் விரலில் ஒட்டும். ஊசியை அசைக்காமல் பிடித்து, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் காகிதத்தை அதன் மேல் உருட்ட வேண்டும். முதல் இரண்டு சுற்று வழுக்கும், அதைத் தாண்டிவிட்டால் தானாகப் பிடித்துக்கொள்ளும். எனக்குக் கை பழக ஒரு வாரம் ஆனது. இன்றும் பிளவில் பத்துச் சுருள் சுற்றும் நேரத்தில் ஊசியில் ஆறுதான் வருகிறது. அந்த நேரத்தை நான் சந்தோஷமாகவே கொடுக்கிறேன்.

அதற்காகப் பிளவு டூலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 10 மி.மீ. பட்டையில் ஓரத்தைக் குஞ்சம் போல நறுக்கிச் சுற்றும் சாமந்திக்கும், பட்டையை மடித்து மடித்துச் சுற்றும் ரோஜாவுக்கும் அதன் பிடி வேண்டும். இரண்டிலும் நடுப்பகுதி மறைந்துவிடும் என்பதால் மடிப்பு ஒரு பொருட்டே இல்லை. பிளவு மெல்லியதாக இருந்தால் மடிப்பும் சிறிதாகிறது. அதில் நான்கைந்து பூ மட்டுமே செய்திருக்கிறேன், அதனால் வெள்ளைக்கு அதை நம்பலாம் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

அக்காவின் ஃபிரேமில் இதழ்களை மட்டும் மாற்றிவிடலாம் என்று பார்த்தேன். பசை நன்றாகக் காய்ந்திருந்தது, ஒன்றை எடுத்ததுமே அட்டையின் மேல்தோல் உரிந்து வந்துவிட்டது. சரி என்று புது அட்டை எடுத்து, 60 இதழையும் ஊசியில் சுற்றினேன். மூன்று சாயங்காலம் பிடித்தது. இப்போது அது அக்கா வீட்டு ஹாலில், ஜன்னலுக்கு நேர் எதிரே மாட்டியிருக்கிறது.