ஹிக்கின்ஸா, வெஸ்டர்ன் ஃபீல்டா? என் அலமாரியில் இரண்டு கடைப்பெயர் துப்பாக்கிகள்

அமெரிக்காவில் ஒரு காலத்தில் சட்டை, தையல் மெஷின், துப்பாக்கி மூன்றையும் ஒரே கேட்டலாக்கில் பார்த்து தபாலில் வரவழைக்கலாம். துப்பாக்கியைத் தபாலில் விற்பதை 1968-ல் வந்த சட்டம் நிறுத்தியது. அப்படி விற்ற சியர்ஸ், மான்ட்கோமரி வார்டு இரண்டும் சிகாகோ கம்பெனிகள். இரண்டுமே துப்பாக்கியை வேறொருவரிடம் செய்யச் சொல்லி, தங்கள் பெயரை அடித்து விற்றன. சியர்ஸ் வைத்த பெயர் ஜே.சி. ஹிக்கின்ஸ், வார்டு வைத்தது வெஸ்டர்ன் ஃபீல்டு. (ஹிக்கின்ஸ் நிஜ ஆள்தான், சியர்ஸ் கணக்குப் பிரிவில் இருந்தவர். அவருக்கு 'சி' என்ற எழுத்தே கிடையாது, கம்பெனி ஒட்டவைத்தது.)

பழைய துப்பாக்கி சேர்க்கத் தொடங்குபவருக்கு இவை மலிவான வாசல். என்னிடம் இருப்பவை ஹிக்கின்ஸ் மாடல் 20, வெஸ்டர்ன் ஃபீல்டு 550. இரண்டும் 12 கேஜ் (குழலின் அளவு) பம்ப் ஷாட்கன்; பம்ப் என்பது முன்கைப்பிடி, அதைப் பின்னால் இழுத்து முன்னே தள்ளினால் சுட்ட கூடு வெளியேறி அடுத்த தோட்டா ஏறும். செய்தவர்களும் கனெக்டிகட்டில் நியூ ஹேவன் பக்கத்து ஆட்கள்தான்: முதலாவது ஹை ஸ்டாண்டர்டு, இரண்டாவது மாஸ்பெர்க்.

அழகில் போட்டியே இல்லை, ஹிக்கின்ஸ்தான். ரிசீவர் (உள் இயந்திரம் இருக்கும் நடு உடல்) முழு இரும்பு, கையில் எடுத்தாலே கனம் தெரியும். 550-ன் ரிசீவர் அலுமினியம், கறுப்புப் பூச்சு ஓரங்களில் தேய்ந்து வெள்ளி எட்டிப்பார்க்கும்.

ஆனாலும் இன்று ஒன்றுதான் வாங்கலாம் என்றால் 550-ஐத்தான் எடுப்பேன். காரணம் உதிரி பாகம்.

ஹிக்கின்ஸில் எக்ஸ்ட்ராக்டரின், அதாவது சுட்ட கூட்டை வெளியே இழுக்கும் பாகத்தின், கொக்கி முனை உடைந்தது. சுட்ட தோட்டாவின் கூடு உள்ளேயே நிற்க, பம்ப் மட்டும் வெறுமனே பின்னால் வந்தது. அதைச் செய்த பழைய ஹை ஸ்டாண்டர்டு கம்பெனி 1980களிலேயே மூடிவிட்டது. பிரித்துப்போட்ட பழைய துப்பாக்கிகளிலிருந்து கழற்றிய பாகம்தான் வழி. ஆறு வாரம் காத்திருந்து வாங்கினால், வந்ததும் பாதி தேய்ந்தது. உள்ளூர் ரிப்பேர்காரர் அரத்தால் ராவிப் பொருத்திக் கொடுத்தார். கூலி, பாகத்தின் விலையைத் தாண்டியது.

550 பெயரைத் தவிர மாஸ்பெர்க் 500-தான், அது இன்றும் உற்பத்தியில் இருக்கிறது. என் 550-ல் மேலே கட்டைவிரல் படும் இடத்தில் இருக்கிற பிளாஸ்டிக் சேஃப்டி பட்டன் நொறுங்கியது. மாஸ்பெர்க் பட்டன் ஒன்று வாங்கி, சாப்பாட்டு மேசையிலேயே ஒரு ஸ்க்ரூவைக் கழற்றி மாற்றிவிட்டேன். அதனடியில் மிளகு மாதிரி ஓர் இரும்புக் குண்டு இருக்கும். அது ஃபிரிட்ஜுக்கு அடியில் உருண்டோடியதைத் தேடியதுதான் வேலையில் பாதி நேரம்.

ஓர் எச்சரிக்கை. 1970க்கு முந்தைய மாஸ்பெர்க் 500-ல் பம்பை போல்ட்டோடு (தோட்டாவுக்குப் பின்னால் அடைத்து நிற்கும் நகரும் பாகம்) இணைக்கும் கம்பி ஒன்றுதான், பிறகு இரண்டானது. அந்தப் பகுதியின் பாகங்களை வாங்குமுன் உங்களுடையது எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெஸ்டர்ன் ஃபீல்டு என்ற பெயரை மட்டும் நம்பவும் கூடாது, வார்டு அதைப் பல கம்பெனிகளின் துப்பாக்கியில் அடித்தது. மாடல் எண்தான் பேசும். சியர்ஸ் இதில் ஒழுங்கு: எண் 583 என்று தொடங்கினால் ஹை ஸ்டாண்டர்டு, 273 என்றால் வின்செஸ்டர்.

சீரியல் எண் இல்லையே என்று பதற வேண்டாம். 1968 சட்டத்துக்கு முன் ஷாட்கன்னுக்கு அது கட்டாயமில்லை. எண் இருந்த இடத்தைச் சுரண்டிய தடம் தெரிந்தால் மட்டும் தொடவே தொடாதீர்கள், அது குற்றம்.

மறுவிற்பனை பற்றி நான் பெரிதாகச் சொல்ல முடியாது, இன்னும் ஒன்றைக்கூட விற்கவில்லை. சந்தைகளில் பார்த்தவரை கடைப்பெயர் இருந்தால் அசல் கம்பெனிப் பெயருக்குக் கிடைப்பதைவிடக் குறைவாகவே கேட்கிறார்கள். வாங்கும்போது அது நமக்கு லாபம். ஹிக்கின்ஸை விற்கும் எண்ணமும் இல்லை, அந்த வால்நட் கட்டைக்காகவே வைத்திருக்கிறேன்.