பாஷில் > குறி: பல வருடம் பயன்படுத்தியும் தீராத எரிச்சல்

"மழை அளவைப் பார்த்து அலர்ட் அனுப்பணும், பாஷ் ஸ்கிரிப்ட் போதுமாங்க?" என்று தரமணியில் வேலை பார்க்கும் நண்பர் கேட்டார். பாஷ் என்பது லினக்ஸில் கட்டளைகளை ஓட்டும் ஷெல். அவர் இஃப், எல்ஸ் (நிபந்தனை உண்மையானால் இது, இல்லையேல் அது) எல்லாம் தெரிந்தவர். அதனால் நேராக > குறிக்கே வருகிறேன்.

வானிலைத் துறைக் கணக்கில் 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. பெய்தால் கனமழை, 115.6 என்றால் மிகக் கனமழை. நுங்கம்பாக்கம் அளவை வாங்கி [ $ரெயின் > 64.5 ] என்று எழுதினால் ஒப்பீடே நடக்காது. ஒற்றை அடைப்புக்குள் > என்பது ரீடைரக்ட், அதாவது வெளியீட்டை ஃபைலுக்குத் திருப்பும் குறி. 64.5 என்ற பெயரில் ஒரு காலி ஃபைல் முளைக்கும். வேரியபிளில் ஏதாவது இருந்தாலே நிபந்தனை உண்மை. தூறலுக்கும் அலர்ட்.

[[ ]] போட்டால் இன்னும் மோசம். அங்கே > எழுத்து வரிசைப்படி பார்க்கும். 70 வந்தால் சரியாகச் சொல்லும். 120 வந்தால் '1' என்பது '6'-க்கு முன்னால் என்று பொய்யாக்கிவிடும். அதாவது கனமழைக்கு அலர்ட் உண்டு, ஊரே மூழ்கும் மழைக்குக் கிடையாது! டெஸ்ட் டேட்டா முழுக்க இரண்டிலக்கமாக இருந்தால் இது சிக்கவே சிக்காது.

-ஜிஈ (பெரியது அல்லது சமம்) போடலாமே என்றால், அதற்கு முழு எண்தான் வேண்டும். தசமப் புள்ளியைப் பார்த்ததும் எரர் அடித்துவிட்டு எல்ஸ் பக்கம் போய்விடும். வழி இருக்கிறது: முதலில் =~ என்ற பேட்டர்ன் பொருத்தும் குறியை வைத்து எண்தானா என்று பார்க்க வேண்டும் (பேட்டர்னுக்கு மேற்கோள் போட்டால் ரீஜெக்ஸாக, அதாவது வடிவ விதியாக, எடுக்காது). பிறகு பிரிண்ட்எஃப்பில் (வடிவமைத்துத் தரும் கட்டளை) ஒரு தசமத்துக்குக் கொண்டுவந்து, புள்ளியை நீக்கி, 645-உடன் ஒப்பிட வேண்டும். பிரிண்ட்எஃப்பை விட்டால் 70 என்பது 700 ஆகாமல் 70-ஆகவே நிற்கும். அதோடு முடியவில்லை. 0.8 இப்போது 08. முன்னால் பூஜ்யம் இருப்பதால் [[ ]] அதை எட்டடிமான எண்ணாக (0 முதல் 7 வரைதான் இலக்கம்) எடுத்துக்கொண்டு, 8 செல்லாது என்று திட்டும். பத்தடிமானம் என்று சொல்ல முன்னால் 10# சேர்த்தால்தான் அடங்கும்.

ஒரே ஒரு ஒப்பீட்டுக்கு இத்தனை சடங்கு!

நியாயமாகச் சொன்னால், ஃபைல் இருக்கிறதா, காலியா, எது புதியது என்று பார்க்க -எஸ் (இருந்து, காலியில்லாமலும் உள்ளதா), -என்டி (அதைவிடப் புதியதா) போலச் சுருக்கமானது கிடைப்பது அரிது. [[ ]]-க்குள் வேரியபிளுக்கு மேற்கோள் மறந்தாலும் இடைவெளியில் உடையாது. தினமும் கைபோகும் கருவி இதுதான்.

இருந்தும் மழை அலர்ட்டுக்கு வேண்டாங்க, பைத்தானில் எழுதுங்க. பிடிவாதமாக பாஷ்தான் என்றால், க்ரானில் (குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் வசதி) 'எஸ்எச்' என்று ஓட்டாதீங்க. உபுண்டுவில் 2006-இல் வந்த 6.10-லிருந்து அது டாஷ் என்ற வேறொரு ஷெல். [[ என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது, நேராக எல்ஸ்தான்.