கச்சான் காற்றுக்கு எந்த சைக்கிள்: ரோடு பைக்கா, ஹைபிரிடா?

மண்டபத்திலிருந்து ராமநாதபுரம் வரை சொல்லிக்கொள்ளும்படி மேடே கிடையாது. அதனால் கடையில் போய் எத்தனை கியர் என்று கேட்பதில் பெரிய பயனில்லை. நமக்கு மேடு காற்றுதான். ஆடி மாதக் கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, எதிரே வந்தால், 25 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும் நான் 16க்கு இறங்கிவிடுவேன்.

அந்த நேரத்தில் ரோடு பைக் கைகொடுக்கும். வளைந்த ஹேண்டில்பாரின் கீழ்ப்பிடியைப் பிடித்துக் குனிந்தால் நெஞ்சில் மோதும் காற்று நன்றாகவே குறைகிறது. நேர் ஹேண்டில்பார் வைத்த ஹைபிரிடில் நிமிர்ந்து உட்கார்ந்தால் உடம்பே பாய்மரம். ஆனால் 1988இல் திறந்த பாம்பன் சாலைப் பாலத்தில் காற்று பக்கவாட்டில் அடிக்கும், பஸ்ஸும் உரசிப்போகும். அங்கே ஹைபிரிடின் அகலமான நேர் ஹேண்டில்பார்தான் தைரியம் தருகிறது.

அப்புறம் சீமைக்கருவேல் முள். 25 மி.மீ. அகல டயரோடு உச்சிப்புளிப் பக்கம் ஒருமுறை பஞ்சர். ட்யூபை மாற்றினேன், இரண்டு கிலோமீட்டரில் மறுபடியும் காற்றுப் போனது. முள்ளின் முனை ஒடிந்து டயருக்குள்ளேயே இருந்திருக்கிறது, அரிசி நொய் அளவுதான். இப்போதெல்லாம் டயரின் உள்பக்கம் துணியைச் சுற்றித் தடவிப் பார்க்காமல் புது ட்யூப் போடுவதில்லை. ரோடு பைக்கின் ஒல்லி வால்வுக்குப் பஞ்சர் கடைக் காற்றுக்குழாய் பொருந்தாது. சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்று பையில் இருக்கட்டும். பெரும்பாலான ஹைபிரிட்களில் இந்தத் தொல்லை இல்லை.

உப்புக்கு இரண்டும் ஒன்றுதான். அலுமினிய ஃபிரேம் தாங்கும். செயின், கேபிள், போல்ட் துருப்பிடிக்கும். தனுஷ்கோடிக் கோடியில் உள்ள அரிச்சல்முனை போய் வந்தால் அன்றே நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து எண்ணெய் விட வேண்டும். அந்தச் சாலையில் காற்று அள்ளிப்போடும் மணலில் ஒல்லி டயர் வழுக்கும், கவனம்.

முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் ஸ்பிரிங் வைத்த கியர் சைக்கிள் வேண்டாம். எடை கூடுதல், மிதிக்கிற பலத்தில் கொஞ்சத்தை ஸ்பிரிங் தின்னும், உப்புக்காற்றில் அதுவும் சீக்கிரம் இறுகிப்போகும்.

என் ஓட்டு, 32 மி.மீ. டயர் ஏறுகிற, கேரியர் மாட்டத் துளையுள்ள ரோடு பைக்குக்கு. வார நாளில் வேலைக்கு, ஞாயிறு விடியலில் தனுஷ்கோடிக்கு. கடையில் அந்த டயரை மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஃபோர்க்கில் உரசினால், ஸ்பிரிங் இல்லாத ஹைபிரிடையே எடுங்கள்.