கல்லூரி நூலகத்துக்குப் புத்தகம்: சென்னை விநியோகஸ்தரா, நாகர்கோவில் கடையா?

விலைத் தள்ளுபடி விகிதத்தில் பெருநகர விநியோகஸ்தரே பெரும்பாலும் முந்துவார். அயல்நாட்டுப் பதிப்பகங்களின் பொறியியல், மருத்துவ நூல்களுக்கு அவரிடம் போவதே சரி. அச்சு நூலுக்கு ஜிஎஸ்டி இல்லாததால் வரியில் வேறுபாடு கிடையாது.

தமிழ், வரலாறு, நாட்டார் வழக்காற்றியல் என்று வந்தால் கணக்கு மாறுகிறது. நாகர்கோவிலை உள்ளடக்கிய குமரி மண் 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழகத்தோடு இணைந்தது; அதனால் அதன் வரலாறும் சற்றுத் தனியானது. தோள்சீலைப் போராட்டம், அய்யா வைகுண்டர், தெற்கெல்லைப் போராட்டம், வில்லுப்பாட்டு பற்றிய சிறு வெளியீடுகள் வெளியூர்ப் பட்டியல்களில் எளிதில் அகப்படுவதில்லை. ஆசிரியரே அச்சிட்டு, பத்துப் பிரதிகளைக் கடையில் வைத்துவிட்டுப் போயிருப்பார். அது எந்த அடுக்கில் இருக்கிறது என்பது கடைக்காரருக்குத்தான் தெரியும். இவற்றை இங்குள்ள கல்லூரிகளே சேர்க்காவிட்டால் வேறு யார் சேர்ப்பார்கள்?

பேராசிரியர்கள் நேரில் போய்ப் புரட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். பக்கம் விடுபட்ட பிரதியை அலைச்சலின்றி மாற்றலாம். மலையாள நூல்களைத் திருவனந்தபுரத்திலிருந்து தருவிப்பதும் எளிது. (காலச்சுவடு பதிப்பகம் நாகர்கோவிலிலேயே இயங்குகிறது என்பதையும் மறக்க வேண்டாம்.)

உள்ளூர்க் கடையின் பலவீனம் முதலீடு. நிதியாண்டு முடியும் மார்ச் மாதத்தில் கல்லூரி அவசரமாக வாங்கிவிட்டுப் பணத்தை மாதக்கணக்கில் இழுத்தடித்தால் சிறிய கடை தாங்காது. ஆகவே என் பரிந்துரை இதுதான்: விலையுயர்ந்த பாடநூல்களை விநியோகஸ்தரிடம் வாங்குங்கள், தமிழ் நூல்களையும் வட்டார நூல்களையும் உள்ளூர்க் கடையில், ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாக வாங்கி, முப்பது நாளுக்குள் பணம் கொடுத்துவிடுங்கள்.