ஆண்டுக்கு எட்டாயிரம் கிலோமீட்டர் ஓடும் ஸ்விஃப்ட்: டயரும் பராமரிப்பும்

2018 பிப்ரவரியில் வந்து 2024 வரை விற்ற மூன்றாம் தலைமுறை மாருதி ஸ்விஃப்ட் பெட்ரோல் வண்டியைப் பற்றியது இது. தமிழ்நாட்டில் வீட்டு உபயோகத்தில் இந்த வண்டி ஓடும் விதம் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். வாரநாளில் பள்ளிக்கூடமும் கடைத்தெருவும், ஞாயிற்றுக்கிழமை உறவினர் வீடு, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முழுப் பாரத்தோடு சொந்த ஊர், கோடை விடுமுறையில் ஒரு மலைப்பயணம். ஆண்டு முடிவில் மீட்டரைப் பார்த்தால் ஏழாயிரத்திலிருந்து ஒன்பதாயிரம் வரை ஏறியிருக்கும். இப்படிப்பட்ட வண்டி ஓடி ஓடித் தேய்வதைவிட, வெயிலில் நின்று நின்று கெடுவதுதான் அதிகம். டயர் கடையில் "எத்தனை ஆயிரம் ஓடும்?" என்று கேட்பது டாக்சிக்காரருக்குப் பொருந்தும். வீட்டு வண்டிக்காரர் கேட்க வேண்டியது வேறு.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். நீண்ட ஆயுளுக்கென்று செய்த டயர் ஐம்பதாயிரம் கிலோமீட்டர் தாராளமாகப் போகும். ஆண்டுக்கு எட்டாயிரம் என்றால் அது தீர ஆறு ஆண்டுக்கு மேல் ஆகும். ஆனால் திறந்த வெளியில் நிறுத்தும் வண்டியில் ஐந்தாவது ஆண்டிலேயே ரப்பர் இறுகிவிடுகிறது. பட்டன், அதாவது சாலையைத் தொடும் ரப்பர் கட்டைகள், பாதி இருக்கிறதே என்று மாற்ற மனம் வராமல் ஓட்டுவோம். காய்ந்த சாலையில் வித்தியாசமே தெரியாது. ஐப்பசி அடைமழையில் சிக்னலில் பிரேக் மிதிக்கும்போதுதான் வண்டி நாம் நினைத்த இடத்தைத் தாண்டிப் போய் நிற்கும். பக்கச்சுவரிலும் பட்டன்களுக்கு இடையிலுள்ள பள்ளத்தின் அடியிலும் முடி போன்ற மெல்லிய வெடிப்புகள் தெரிந்தால், பட்டன் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் அந்த டயரின் வேலை முடிந்தது.

ஆகவே குறைவாக ஓட்டுபவர் ஆயுளுக்குப் பணம் கொடுப்பது வீண். அதே பணத்தை ஈரச்சாலைப் பிடிப்புக்குக் கொடுக்கலாம். கடினமான ரப்பர் கலவை மெதுவாகத் தேயும், ஈரத்தில் பிடிப்பு குறைவு. மென்மையான கலவை சீக்கிரம் தேயும், நன்றாகப் பிடிக்கும். சியட் மிலேஸ், அப்போலோ அமேசர் 4ஜி லைஃப், பிரிட்ஜ்ஸ்டோன் ஸ்டர்டோ போன்றவை ஆயுளை முன்வைத்து விற்கப்படுபவை. ஆண்டுக்கு இருபதாயிரம் ஓட்டுபவருக்கு அவை நியாயமான தேர்வு. எட்டாயிரம் ஓட்டுபவருக்கு மிஷலின் எனர்ஜி எக்ஸ்எம்2+, யோகோஹாமா எர்த்-1, சியட் செக்யூராடிரைவ் போன்ற, பிடிப்பையும் அமைதியையும் முதலில் வைக்கும் வகைகள்தான் என் பரிந்துரை. அவை நாற்பதாயிரத்தில் தீர்ந்தாலும் ஐந்து ஆண்டு ஆகியிருக்கும். பட்டனும் ரப்பரும் ஒரே காலத்தில் முடிவதுதான் கொடுத்த காசுக்கு முழுப் பலன். ஒரு எச்சரிக்கை: மென்மையாக ஓடும் டயர்கள் சிலவற்றில் பக்கச்சுவர் மெலிது. தினமும் பள்ளமும் கப்பிக்கல்லுமான கிராமச் சாலையில் போகிறவர் தடித்த பக்கச்சுவர் உள்ள டயரையே பார்க்க வேண்டும். சின்ன ஊரிலும் உடனே கிடைக்கும் எம்ஆர்எஃப் அங்கே வசதி.

அளவுக்கு வருவோம். இந்த ஸ்விஃப்டில் கீழ்நிலை மாடல்களுக்கு 165/80 ஆர்14, உயர் மாடல்களுக்கு 185/65 ஆர்15. முதல் எண் டயரின் அகலம் மில்லிமீட்டரில், அடுத்தது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது, கடைசி எண் ரிம்மின் விட்டம் அங்குலத்தில். முதலாவதன் மொத்த விட்டம் 619.6 மில்லிமீட்டர், இரண்டாவது 621.5. இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். 14 அங்குல வண்டியை வைத்திருப்பவர்கள் டயரை அகலமாக்க ஆசைப்படுவது வழக்கம். 165/80 அளவில் நல்ல டயர் வகைகள் குறைவு என்பதால் அந்த ஆசையில் நியாயமும் உண்டு. அப்படி மாற்றுவதானால் 185/70 ஆர்14 போடலாம். விட்டம் 614.6, வித்தியாசம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு, ஸ்பீடோமீட்டர் ஏமாற்றாது. சுமைக் குறியீடும் 85-லிருந்து 88 ஆகக் கூடுகிறது. அதாவது ஒரு டயர் தாங்கும் எடை 515 கிலோவிலிருந்து 560. பதிலுக்கு மைலேஜ் கொஞ்சம் குறையும், ஸ்டீயரிங் சற்றுக் கனக்கும். 185/65 ஆர்14 மட்டும் வேண்டாம். கடையில் கையிருப்பில் இருப்பதால் தள்ளிவிடப் பார்ப்பார்கள். விட்டம் 596-க்கு இறங்கி, வண்டி ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தாழ்ந்து, நம்மூர் வேகத்தடை ஒவ்வொன்றிலும் அடி தட்டும்.

காற்று எவ்வளவு என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கிறது. டயரின் பக்கச்சுவரில் எழுதியிருப்பது அந்த டயர் தாங்கும் உச்சம். அதைப் பார்த்து அடிக்கக் கூடாது. காலையில் வண்டி எடுப்பதற்கு முன் டயர் குளிர்ந்திருக்கும்போது பார்ப்பதுதான் சரியான அளவு. நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓடிய டயரில் மூன்று நான்கு பிஎஸ்ஐ கூடுதலாகவே காட்டும். பங்க்கில் அதைப் பார்த்து இறக்கிவிட்டால், மறுநாள் காலை அதே டயர் காற்றுக் குறைந்து நிற்கும். 12 வோல்ட் சாக்கெட்டில் செருகும் சிறிய காற்றடிக்கும் பம்பு ஒன்று வீட்டில் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. மாதம் ஒரு முறை பார்த்தால் போதும், ஸ்டெப்னியையும் சேர்த்து. ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறும் பயணத்துக்கு ஸ்டிக்கரில் முழுச் சுமைக்கென்று தனி அளவு போட்டிருந்தால் அதைத்தான் அடிக்க வேண்டும். நைட்ரஜனுக்குத் தனிக் காசு தேவையில்லை. சாதாரணக் காற்றில் ஏற்கெனவே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

டயர் தேய்ந்திருக்கும் இடமே காரணத்தைச் சொல்லிவிடும். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவாக ஓடியிருக்கிறது, நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். உள் ஓரமோ வெளி ஓரமோ ஒன்று மட்டும் தேய்ந்து, கையால் தடவினால் ரம்பப் பல் போல் ஒரு பக்கம் வழவழப்பும் மறுபக்கம் சொரசொரப்புமாக இருந்தால் முன்சக்கர டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம், தப்பிவிட்டது. இந்த வண்டியில் வீல் அலைன்மென்ட் என்றால் முன்பக்க டோவை, ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் கம்பியில் திருகிச் சரிசெய்வது மட்டும்தான். பின்பக்கம் இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் டார்ஷன் பீம் என்ற ஒற்றை உத்திரம், அங்கே திருக எதுவும் இல்லை. முன்பக்கக் கேம்பருக்கும், அதாவது முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணத்துக்கும், தனித் திருகு கிடையாது. இருந்தும் பல கடைகளில் "கேம்பர் அவுட்" என்று சிவப்பு எண்ணைக் காட்டி, ஹைட்ராலிக் கருவியை மாட்டி ஸ்ட்ரட்டை (சக்கரத்தைத் தாங்கும் ஷாக் அப்சார்பர் தூணை) வளைத்துக் கொடுக்கிறார்கள். இதற்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். கேம்பர் உண்மையிலேயே தப்பியிருந்தால் சக்கரத்தைக் கீழே பிடிக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் போயிருக்க வேண்டும், அல்லது பள்ளத்தில் அடிபட்டு ஏதோ ஒன்று வளைந்திருக்க வேண்டும். அந்தப் பாகத்தை மாற்றுவதுதான் வழி. நல்ல ஸ்ட்ரட்டை வளைத்தால் எண் பச்சையாகும், பழுது அப்படியே இருக்கும்.

முன்சக்கரம் இழுக்கும் வண்டி என்பதால் முன் டயர்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் தேயும். ஆண்டுக்கு ஒரு முறை ஆயில் சர்வீஸின்போதே முன்னும் பின்னும் மாற்றிப் போடச் சொல்லுங்கள். நான்கும் சமமாகத் தேய்ந்து ஒரே நேரத்தில் முடியும், ஐந்து ஆண்டுக் கணக்கோடும் ஒத்துப்போகும். நெருக்கடியில் இரண்டு மட்டும் புதிதாக வாங்க நேர்ந்தால் அவை பின்னால் போக வேண்டும். கடைக்காரர் முன்னால்தான் போடுவேன் என்பார், இழுப்பது முன்சக்கரம் என்று காரணமும் சொல்வார். ஆனால் ஈரத்தில் முன் டயர் வழுக்கினால் வண்டி நேராகத்தான் போகும், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் பிடி திரும்பும். பின் டயர் வழுக்கினால் வண்டியே சுழன்றுவிடும். சாதாரண ஓட்டுநரால் அதைத் திருப்ப முடியாது.

பஞ்சர் விஷயத்தில் ஒன்று. சாலையோரத்தில் ஆணியைப் பிடுங்கி, துளையை ரம்பத்தால் அகலப்படுத்தி, பசை தடவிய நூலைத் திணிப்பது வீடு வந்து சேர்வதற்கான வழி மட்டுமே. ரம்பம் உள்ளேயிருக்கும் எஃகு நூல்களை அறுக்கும், அந்த வழியாகத் தண்ணீர் இறங்கித் துருப்பிடிக்கும். பிறகு டயரைக் கழற்றி உள்பக்கத்திலிருந்து மஷ்ரூம் பேட்ச் என்ற காளான் வடிவ ஒட்டைப் போட்டுவிடுவது நல்லது. பக்கச்சுவரில் குத்தியது, பக்கச்சுவரில் புடைப்பு வந்தது இரண்டுக்கும் வைத்தியம் இல்லை. சட்டப்படி பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டர் வரை ஓட்டலாம். பள்ளத்துக்குள் இருக்கும் சிறு மேடுகள் அந்த அளவைத்தான் காட்டுகின்றன. ஆனால் தேங்கிய நீரில் டயர் மிதக்கத் தொடங்குவது அதற்கு வெகு முன்பே. மழைக்காலம் வருமுன் 3 மில்லிமீட்டருக்குக் கீழ் இருந்தால் மாற்றிவிடுங்கள்.

காலக் கணக்கு டயரோடு நிற்பதில்லை. ஆயில் 10,000 கிலோமீட்டர் அல்லது ஓர் ஆண்டு, எது முதலில் வருகிறதோ அது. வீட்டு வண்டிக்கு எப்போதும் ஆண்டுதான் முதலில் வரும். மூன்று கிலோமீட்டர் போய் நிற்கும் ஓட்டத்தில் எஞ்சின் முழுதாகச் சூடாவதில்லை. எரியாத பெட்ரோலும் நீராவியும் ஆயிலிலேயே தங்கிவிடும். ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மோர் போல வெளுத்த படலம் இருந்தால் பெரும்பாலும் அதுதான் காரணம். வாரம் ஒரு நாள் அரைமணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டினால் சரியாகும். கையேடு சொல்லும் மெல்லிய ஆயிலையே ஊற்றுங்கள். "பழைய வண்டி" என்று கெட்டி ஆயில் ஊற்ற வேண்டாம். ஃபில்டரோடு சேர்த்து மூன்று லிட்டரைச் சற்றே தாண்டும், பில்லில் நான்கு என்று இருந்தால் கேளுங்கள். எஞ்சின் ஃப்ளஷ், டீகார்பனைசிங் என்று சேர்க்கும் வரிகளை அடித்துவிடலாம்.

பிரேக் ஆயில்தான் எல்லோரும் மறப்பது. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், வண்டி நின்றாலும்கூட. புதிய டாட் 4 ரகப் பிரேக் ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த எல்லை 155 வரை இறங்கலாம். கொல்லிமலையின் 70 வளைவுகளையும் ஐந்து பேரோடு பிரேக் மிதித்தபடியே இறங்கினால் அந்தச் சூடு எட்டாத தூரமில்லை. ஆயில் கொதித்துக் குமிழி விட்டால் பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை முழுதாக மாற்றுங்கள், இறக்கத்தில் ஏறிய அதே கியரில் இறங்குங்கள்.

பேட்டரிக்கு எதிரி வெயிலும் நிறுத்தமும். ஓடாமல் ஓர் இரவு நின்றபின் மல்டிமீட்டரில் 12.6 வோல்ட் இருந்தால் முழுச் சார்ஜ், 12.2 என்றால் பாதி. எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். தினமும் ஐந்து நிமிடம் நின்ற இடத்திலேயே ஸ்டார்ட் செய்து அணைப்பது பேட்டரியைக் காப்பதில்லை, ஆயிலையும் கெடுக்கும். 2021 முதல் வந்த டூயல்ஜெட் எஞ்சின் வண்டிகளில் சிக்னலில் தானாக அணையும் வசதி உண்டு. அவற்றுக்கு அதற்கென்றே உள்ள பேட்டரிதான் போட வேண்டும். சாதாரணப் பேட்டரி மலிவு, ஆனால் சீக்கிரமே படுத்துவிடும். மழைக்காலத்தில் பல நாள் நிறுத்துவதானால் ஹேண்ட்பிரேக் போடாமல் முதல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். பின் டிரம் பிரேக்கில் பிரேக் ஷூ துருவோடு ஒட்டிக்கொள்வது இந்த வண்டியில் சாதாரணம்.

புது டயர் மாட்டும் நாளில் கடையைவிட்டு நகராமல் கவனிக்க வேண்டியவை உண்டு. பக்கச்சுவரில் டாட் (DOT) என்று தொடங்கும் எழுத்துவரிசையின் முடிவில் நான்கு இலக்கம் இருக்கும். 2325 என்றால் 2025-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. ஆறு மாதத்துக்கு மேல் பழையது என்றால் வேறு கேளுங்கள், நான்கும் ஒரே காலத்தவையா என்றும் பாருங்கள். ஐஎஸ்ஐ முத்திரை இருக்க வேண்டும். ரப்பர் வால்வையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள், அதுவும் டயரோடு சேர்ந்து இறுகியிருக்கும். நெட்டுகளை ஏர் கன்னால் முடுக்கிவிட்டால், வண்டியோடு வந்த வீல் ஸ்பேனரால் சாலையோரத்தில் ஒருவரால் கழற்ற முடியாது. அங்கேயே அந்த ஸ்பேனரை எடுத்து ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு நெட்டைத் தளர்த்தி, கையாலேயே திரும்ப முடுக்கிப் பாருங்கள். பில்லில் நான்கு டயரின் வரிசை எண்ணும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். பின்னாளில் உற்பத்திக் குறை என்று வாரன்டி கேட்கப் போனால் அந்த எண்ணைத்தான் முதலில் கேட்பார்கள்.