சீனாவில் முதலில் எதைப் பார்ப்பது: தான்ஃபெங் வாயிலா, யிங்தியான் வாயிலா?

இரண்டுமே தாங் வம்சப் பேரரசர்கள் ஆண்ட தலைநகரங்களின் அரண்மனை வாயில்கள். சாங்கானில், அதாவது இன்றைய சியானில், தாமிங் அரண்மனைக்குத் தெற்கு வாயிலாக 662-ல் எழுந்தது தான்ஃபெங். 1950-களின் கள ஆய்வில் அதற்கு மூன்று வழிகள் என்றே கணித்தார்கள். 2005-ல் முறையாகத் தோண்டியபோதுதான் பழைய ஏடுகள் சொன்ன ஐந்து வழிகளும் வெளிப்பட்டன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 8.5 மீட்டர் அகலம், இடையிடையே திமிசுபோட்டு இறுக்கிய மண்சுவர்கள். ஏட்டில் இருந்ததை மண் மெய்ப்பித்த இந்த இடம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

லுவோயாங்கின் யிங்தியானுக்கு வழிகள் மூன்றுதான். ஆனால் அமைப்பில் அதுவே ஒரு படி மேல். இருபுறமும் மதில் முன்னோக்கி நீண்டு காவல் மாடங்களில் முடிவதால், வருபவரை மூன்று பக்கமும் சுவர் சூழ்ந்துவிடும். பெய்ஜிங் அரண்மனையின் வூ வாயிலும் இதே வடிவம்தான். 690-ல் சீனாவின் ஒரே பெண் பேரரசரான வூ சேதியான் தன்னைப் பேரரசராக அறிவித்துக்கொண்டதும் யிங்தியானில்தான்.

இன்று இரண்டு அடித்தளங்களையும் புதுக்கட்டடங்கள் மூடிக் காக்கின்றன. லுவோயாங்கில் இருப்பது வண்ணம் பூசிய பழங்கால மாளிகைத் தோற்றம். சியானில் கூரைமுதல் சுவர்வரை ஒரே மண் நிறம், அதை யாரும் பழையதென்று நம்பி ஏமாற மாட்டார்கள். அந்த நேர்மைக்காகவே முதலில் சியானுக்குப் போகச் சொல்வேன்.